கீழ்ச்சந்தைத் தெருவின் முறை

ஆனி மாதக் காற்றுக்கு அரசாங்க உத்தியோகஸ்தன், கூலிக்காரன் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. பூதப்பாண்டி வயல்களைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடும் வழியில் செண்பகமங்கலம் சந்தைக்குள் வந்து விழும்போது அது பாதிப் புழுதியும் பாதி வைக்கோலுமாக இருக்கும். அந்தக் காற்றில்தான் ஓவர்சியர் சுயம்புலிங்கம் சந்தையின் கீழ்மூலையில் முக்காலியை ஊன்றி, மட்டம் பார்க்கும் கண்ணாடியை அதன்மேல் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒரு கண்ணை மூடியபடி நின்றார். கண்ணாடி நடுங்கியது. தொப்பி இரண்டு முறை கருவாட்டுக் கடைக்குள் போய் விழுந்தது.

கொல்லம் 1129, இங்கிலீஷ் கணக்கில் 1954. செண்பகமங்கலத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்று ஆறு மாதமாக ஊரில் ஒரே பேச்சு. ஊர்ப் பொத்தைக் குன்றின்மேல் தொட்டி கட்டியாகிவிட்டது. சந்தையையும் புதிதாக்கி, பஸ் நிற்க இடம் ஒதுக்கி, ஊரையே ஒழுங்குபடுத்தப் போவதாகப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு தாணப்பன் பிள்ளை மேடை போட்டுச் சொல்லியிருந்தார்.

முத்துநாயகம் தோளில் மண்வெட்டியோடு அந்த வழியாக வந்தார். வாய்க்கால் காவல் அவர் வேலை. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து மடை திறப்பவர், அடைப்பவர். சண்டை வந்தால் முதல் அடி வாங்குபவரும் அவர்தான்.

"சார், மட்டம் பாக்கியளா? இந்தக் காத்துல அந்த மிஷின் நிக்காது" என்றார்.

"பின்னே என்ன செய்யச் சொல்லுகீரு? ஆடி முடியுற வரைக்கும் காத்திருக்கவா?"

முத்துநாயகம் காப்பிக்கடையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வாங்கினார். அதில் தண்ணீர் ஊற்றி ஒரு கல்மேல் வைத்து, காற்றுப் படாமல் இரண்டு கையாலும் மறைத்து, தரையோடு தரையாகப் படுத்துத் தண்ணீரின் விளிம்போடு கண்ணை ஒட்டினார். "இங்ஙன ஒரு முளை அடியுங்கோ. இன்னும் ஒரு விரக்கடை தாத்துங்கோ. ஆங்." சந்தை மூலையிலிருந்து முளை முளையாக இறங்கி, கீழ்ச்சந்தைத் தெருவின் சந்துக்குள் நுழைந்து, முத்துநாயகத்தின் வீட்டு வளவுக்குள்ளேயே வந்து, கிணற்றுக்கு மூன்றடி தள்ளி, பின்னால் ஓடைக்கரையில் போய் நின்றது வரிசை. அந்த முளைகளில் ஓவர்சியர் கட்டிய கயிறு அவ்வளவு அழகாக இறங்கியதை அவரே எதிர்பார்க்கவில்லை.

"உம்ம பட்டா எடத்துல மூணடி வருது. ஆட்சேபம் இல்லன்னு ஒரு ஒப்புப் போடணும்."

முத்துநாயகம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் நீட்டிய தாளில் ஒப்புப் போட்டார். ஓவர்சியர் பொய் சொல்லவில்லை. எதற்கான கோடு என்று இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வாய்க்கால்காரருக்கு மேல்வயலில் வடிவதுதான் கீழ்வயலுக்குப் பாசனம். நாற்பது வயது வரை மேலிருந்து கீழே வந்த எதையும் அவர் தண்ணீராகவே பார்த்திருக்கிறார். அதில் கெடுதலும் வரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் மனைவி செல்லத்தாய் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறியைக் கூட்டி அடுப்பில் வைத்திருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

"ஏட்டி, நம்ம வளவு வழியா வருகு குழாய்! கடைசித் தெருவுக்குக் கொண்டாராம இருப்பாவளான்னு கேட்டேல்லா? இந்தா, நானே மட்டம் பாத்துக் குடுத்துட்டு வாறேன்."

"எத்தன குழாயாம்? எங்ஙன வைக்கப் போறாவ? கேட்டியளா?"

"அத எதுக்குக் கேக்கணும்? கோடு வருதுல்லா."

"கேக்கணும்" என்றாள் செல்லத்தாய். கிழங்கின் நாரை உரித்துத் தள்ளிக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்: "எல்லாத்தையும் கேக்கணும்."

ஆனால் அவளுக்கும் சந்தோஷம்தான். அந்தக் கிணறு அவள் மாமனார் வெட்டியது. அவர் தலைப்பாகை கட்டி, எல்லாரும் ஒன்றாக நின்று கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போக ஆரம்பித்த வருஷம், யார் வேண்டுமானாலும் தண்ணீர் கோரலாம் என்று சொல்லி வெட்டிய கிணறு. இப்போது தெருவில் இருபத்து மூன்று வீடு. பனையேறுகிறவர்கள், சுமட்டுக்காரர்கள், பாய் முடைகிறவர்கள், சந்தை பெருக்குகிறவர்கள் என எல்லாருக்கும் குடிக்கிற தண்ணீர் அது ஒன்றுதான். விடியுமுன்னே தோண்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம் செல்லத்தாயின் தலைமாட்டில் கேட்கும். பதினெட்டு வருஷமாக அவள் ஒரு நாள் கூட நிம்மதியாகப் புரண்டு படுத்ததில்லை. பக்கத்து வீட்டு ராஜபாய் குழாய்ச் சேதி கேட்டுக் குலவை போட்டாள். மறுநாள் சந்துக்குள் இருந்த வேலிகளையெல்லாம் தெருக்காரர்களே பிடுங்கிக் கோட்டுக்கு வழிவிட்டார்கள்.

நான்காம் நாள் மாட்டுவண்டி வந்தது. கொத்தன் மரியஜான் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி முத்துநாயகத்தின் வளவில் அடுக்கினான். எல்லாம் பாதியாகப் பிளந்த சிமெண்டுக் குழாய்கள். மேலே வாய் திறந்திருந்தது.

ராஜபாய் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். "என்ன கொத்தனாரே, மேலே மூடி இல்லியா? காக்கா எச்சம் விழாதா?"

"சாக்கடைக்கு எதுக்கு மூடி?" என்றான் மரியஜான். பிறகுதான் சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தான். "சொல்லல்லியா ஒங்ககிட்ட? சந்தைக் கழிவு, மீன்கடை வெள்ளம், பஸ் நிக்கப்பட்ட எடத்துக் கக்கூசு, எல்லாம் இது வழியாத்தான் ஓடைக்குப் போவும். குடிக்கப்பட்ட நல்ல வெள்ளம் இரும்புக் குழாய்லல்லா. அது சந்தைக்கு மேல்வாசலோட நின்னாச்சு."

ராஜபாய் குழாயிலிருந்து கையை எடுத்தாள். கிணற்றுக்கும் முளைக்கும் நடுவே மூன்றடி மணல். இரண்டு மழை பெய்தால் போதும், சாக்கடை கிணற்றுக்குள் ஊறிவிடும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். முத்துநாயகத்துக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் சரிவை அவர்தான் விரக்கடை கணக்கில் பார்த்துக் கொடுத்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்ற வெட்கத்தில் அவர் அன்று கஞ்சி குடிக்கவில்லை.

"ஒப்புப் போட்ட கையி" என்று ராஜபாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். செல்லத்தாய் தோண்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கணவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முத்துநாயகம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோது தாணப்பன் பிள்ளை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கோயில் எல்லாருக்கும் திறந்தபோது முறுமுறுக்காமல் நின்றவர். திருவனந்தபுரத்தில் ஆளுகிறவன் நம்மைக் கடைசியில் தள்ளிவிட்டான், நமக்குரியது நமக்கு வேண்டும் என்று அவர் மேடையில் பேசினால் கைதட்டாதவன் இல்லை. முத்துநாயகமும் தட்டியிருக்கிறார்.

"இரிக்கட்டும்வே, கோவப்படாதேயும். கெடச்ச குழாய் ஆயிரத்து எரநூறு அடி. மேலத்தெரு, கோயில் நடை, பள்ளிக்கூடம், சர்க்கார் கச்சேரி, சந்தை மேல்வாசல், அஞ்சு எடத்தோட தீந்து போச்சு. ஒங்க தெரு அடுத்த திட்டத்துல."

"குழாய் அடுத்த திட்டத்துல. சாக்கடை மட்டும் இந்தத் திட்டத்துலயா?"

"சரிவு அப்படி இருக்கு. நீருதானே பாத்துக் குடுத்தீரு?"

முத்துநாயகம் கையைக் கிழக்கே நீட்டினார். "இன்னொரு சரிவும் இருக்கு பிள்ளைவாள். சந்தைக்குக் கெழக்க, ஒங்க தென்னந்தோப்பு ஓரமா. எம்பது அடி கூடுதல் வரும். ஆனா அந்தப் பக்கம் குடிக்கப்பட்ட கெணறு ஒண்ணும் கெடையாது."

பிள்ளை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "எந் தோப்பு ஓரமாவா?"

"தென்னைக்கு நல்லதாக்கும்."

"அது வழியாத்தானவே வீட்டுப் பொம்பளைய கொளத்துக்குப் போறாவ." குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும். அரை இஞ்சுக் குழாய் கொஞ்சம் மிச்சம் கெடக்கு. உமக்கு மட்டும் வீட்டுக் குழாயா வச்சுத் தாறேன். வளவுக்குள்ள. எடம் குடுத்தவருக்கு அது கூடச் செய்யாண்டாமா? தெருவ விடும். வெள்ளிக்கெழம நாரோயில்லேருந்து மேலாபீசர் வாறாரு ஆட்சேபம் கேக்க. நீரு ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போரும்."

இதை முத்துநாயகம் வீட்டில் வந்து சொன்னபோது செல்லத்தாய் கிணற்றடியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆசை இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள். "வளவுக்குள்ள திருகினா வெள்ளம். யாரு தோண்டியும் யாரு தோண்டியும் முட்டாம. பதினெட்டு வருசம். எங்கையப் பாருங்க." கயிறு அறுத்த உள்ளங்கையை நீட்டினாள். "ஆனா நான் திருகும்போ ராஜபாய் வேலிக்கு அந்தப் பக்கம் பானையோட நிப்பா. நான் குடுத்தா அவளுக்குப் பிச்சை. குடுக்கல்லேன்னா நமக்குச் சாபம். ஒங்க அப்பா இதுக்கா கெணறு வெட்டினாரு?"

"அப்போ வேண்டாம்னு சொல்லிரட்டா?"

"வேண்டாம்னு சொல்லாதீங்க. தெருவுல வையின்னு சொல்லுங்க."

அந்த வருஷம் ஆனியிலும் மழை இல்லை. கன்னிப்பூப் பருவத்து நெல் நாற்று வயலில் மஞ்சளாக நின்றது. அணையிலிருந்து வாய்க்காலில் முறைத்தண்ணீர் விட்டார்கள். பத்து நாளுக்கு ஒரு முறை. முறைத்தண்ணீருக்கு நாஞ்சில் நாட்டு வயல்களில் ஒரு சட்டம் உண்டு. கடைமடைக்குப் பாய்ந்த பிறகுதான் தலைமடைக்கு. மேலே இருக்கிறவன் எல்லாரும் மடையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் தன் வயலை உரசிப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வாய்க்காலின் கடைமடை வயல் தாணப்பன் பிள்ளையுடையது. நாலு வருஷத்துக்கு முன் மேல்மடைக்காரர்கள் சட்டத்தை மீறியபோது, முத்துநாயகம்தான் ஏழு நாள் வாய்க்கால் கரையிலேயே கிடந்து பிள்ளையின் வயலுக்குத் தண்ணீர் கொண்டு சேர்த்தார். அதில் வாங்கிய அடியின் தழும்பு இடது புருவத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை முறை. விடியுமுன்னே முத்துநாயகம் மண்வெட்டியை எடுத்தபோது ராஜபாய் வந்து நின்றாள். வேலிப் பேச்சுக்குப் பிறகு அவள் அன்றுதான் நேரில் பேசினாள்.

"அண்ணாச்சி, கையில மம்பட்டி இருக்கு. இந்த ஒரு தடவை மடைய மேல தெறந்து விட்டுரும். அவரு வயலு காயட்டு. அப்பத் தெரியும் கடைசியில கெடக்கவன் பாடு."

முத்துநாயகத்துக்கும் அந்த எண்ணம் நாலு நாளாக மனசுக்குள் முள்ளாகக் கிடந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். "அந்த முறைய ஒடச்சேன்னா நாளைக்கு ஆபீசர் முன்னால நான் எத வச்சுக் கேக்கட்டும் ராஜபாய்? எங்கிட்ட உள்ளது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காலையில் வெயில் ஏறும்போது வாய்க்கால் கரையில் பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கை போகும். மேலே நாற்பது மடையும் அடைத்திருக்க, தண்ணீர் கலங்கலாக, சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்து கடைசி மடையின் மண்ணில் முட்டியது.

முத்துநாயகம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மடைவாயில் நின்றார். வெட்டவில்லை.

"வெட்டும்வே."

"வெட்டுகேன். ஒரு வார்த்த கேக்கணும் பிள்ளைவாள்."

"வெட்டிட்டுக் கேளும். கரை ஒடைஞ்சா ஓடைக்குப் போயிரும் அம்புட்டும்."

தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. வரப்பின் நண்டுப்பொந்தில் நுரை கிளம்பியது.

"இந்த முறைய எதுக்கு வச்சிருக்கு? கடைமடைக்கு எதுக்கு மொதல்ல?"

"இது கேக்கப்பட்ட நேரமா? ஒமக்குத் தெரியாதாவே?"

"எனக்குத் தெரியும். ஒங்க வாயால ஒருக்க கேக்கணும்."

பிள்ளை வரப்பைப் பார்த்தார். முத்துநாயகத்தின் புருவத்தைப் பார்த்தார். காற்று அவர் மேல்துண்டை உருவிக்கொண்டு போய் நாற்றின்மேல் போட்டது, அவர் எடுக்கவில்லை. "தண்ணி கீழ்வயலுக்குத் தானா வராதுவே. வழியில அம்புட்டுப் பேரும் மம்பட்டியோட நிப்பான். அதனாலதான் கடைசியில கெடக்கவனுக்கு மொத முறைன்னு பெரியவங்க வச்சாவ. போருமா?"

"போரும். நல்ல வெள்ளம் கீழ தானா வராது. சாக்கடை மட்டும் யாரும் கூப்பிடாமத் தானா வரும். அதுவும் தெரிஞ்சுதான் நீங்க கோடு போட்டிய."

சொல்லிவிட்டு ஒரே வெட்டாக மடையை வெட்டினார். எந்த வாக்கும் வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை பீடி நீட்டுவார். அன்று நீட்டவில்லை. முத்துநாயகம் வயல் நிரம்பும்வரை நின்று, வாய்மடையைப் பதமாக அடைத்து, மேல்மடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் மேலாபீசர் கோப்பைப் புரட்டி, "சம்மதம் குடுத்ததும் நீர்தான், மட்டம் பாத்துக் குடுத்ததும் நீர்தான்னு ஓவர்சியர் எழுதியிருக்காரே. இப்போ ஆட்சேபம்ங்கிறீர்?" என்று கேட்டார்.

"நல்ல வெள்ளம்னு நெனச்சுப் பாத்துட்டேன் சார்" என்றார் முத்துநாயகம். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருக்குக் காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை. தோப்பு ஓரத்துச் சரிவைச் சொன்னார். குழாய் தெருவில் வைக்கவேண்டும் என்று செல்லத்தாய் சொன்னதையும் சொன்னார். வாசலில் செல்லத்தாயும் ராஜபாயும் இருபது பெண்களும் காலிப் பானையோடு நின்றார்கள்.

ஆபீசர் பிரசிடெண்டைப் பார்த்தார். பிள்ளை மேசையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மேலத்தெரு மெம்பர்கள் இருவர் அவர் வாயையே பார்த்தார்கள். கடைசியில், யாரையும் பாராமல், "சாக்கடை தோப்போரமாவே போவட்டும்" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. குழாய் அடுத்த திட்டத்தில்தான் என்று ஆபீசர் எழுதிக்கொண்டார். மிச்சம் கிடக்கும் அரை இஞ்சுக் குழாயைத் தெருவில் வைக்க முடியாதா என்று ராஜபாய் வாசலிலிருந்தே கேட்டாள். அது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், பொது இடத்தில் வைக்க மேலிருந்து உத்தரவு வேண்டும், எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தாயிற்று. குழாய் ஆபீஸ் வராந்தாவில் அப்படியே கிடந்தது.

கிணறு பிழைத்தது. தெருவில் எல்லாரும் முத்துநாயகத்தோடு மறுபடி பேசினார்கள். ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் சந்தை மேல்வாசலுக்குப் போய் இரும்புக் குழாய் முடிகிற இடத்தைப் பார்த்தார். மரக்கட்டையால் அடைத்து வைத்திருந்தார்கள். அடைப்பைச் சுற்றி ஈரம் கசிந்தது. அதைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து, "அங்ஙன இருந்து நம்ம தெருவுக்கு நானூத்திப் பத்து அடி. சரிவு இருக்கு" என்பார். தினமும் அதையே சொன்னார்.

பத்தாம் நாள் செல்லத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "சரிவு இருக்கு, சரிவு இருக்குன்னு எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருவின் கடைசி வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே முதல் வெட்டு வெட்டினாள். ராஜபாய் கடப்பாரையோடு வந்தாள். சாயங்காலம் ஆண்களும் வந்தார்கள். முத்துநாயகம் சிரட்டையில் தண்ணீரோடு தரையில் படுத்தார்.

ஐந்து நாளில் பள்ளம் தெருவைத் தாண்டிச் சந்தைக்குள் ஏறிவிட்டது. சேதி கேட்டு ஓவர்சியர் சைக்கிளில் ஓடி வந்தார்.

"யாரு தோண்டச் சொன்னா? குழாய்க்கு உத்தரவே வரல்லியே!"

"வரும்போ பள்ளம் இல்லன்னு ஒரு காரணம் சொல்லப்பிடாதுல்லா" என்றாள் செல்லத்தாய், குனிந்த தலை நிமிராமல்.

ஓவர்சியர் பள்ளத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். மட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "சரி, தோண்டினதுதான் தோண்டினிய. வெள்ளம் மேலேருந்தில்லியா வரும்? எதுக்குக் கீழக் கோடியிலேருந்து தோண்டுகிய?"

செல்லத்தாய் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க முறை கீழேருந்துதான் சார்."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மூட வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் பள்ளம் மேல்வாசலை எட்டி, மரக்கட்டை அடைத்த இரும்புக் குழாயின் வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆடிக்காற்று இரவெல்லாம் புழுதியை வாரி அதில் போட்டது. காலையில் கிணற்றில் தண்ணீர் கோரி முடித்ததும் இருபத்து மூன்று வீட்டாரும் பள்ளத்தில் இறங்கி, கடைசி வீட்டிலிருந்து தொடங்கி, மண்ணை வாரி வெளியே போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள்.